குடிசை, கொட்டில், சாளை, லயம்: எல்லாம் ஒரே சொல்லில் அடங்குமா?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

கோடை வந்தால் எங்கள் பக்கத்துச் செய்தித்தாளில் ஒரு வரி தவறாமல் வரும்: "தீ விபத்தில் குடிசைகள் எரிந்து சாம்பல்." போன மாதம் பக்கத்துக் கிராமத்தில் அப்படி ஒரு தீ. நேரில் போய்ப் பார்த்தேன். செய்தியில் "3 குடிசைகள்" என்று போட்டிருந்தார்கள். எரிந்தவற்றில் ஒன்று கூரை வீடு: மண்சுவர், திண்ணை, நடுவில் தடுப்பு எல்லாம் வைத்துக் கட்டி, பெரியவர் ஒருவர் பல வருடமாகக் குடியிருந்தது. இன்னொன்று மாட்டுக் கொட்டகை. மூன்றாவது, கூரை வீட்டின் பக்கச் சுவரை ஒட்டிச் சாய்வாக இறக்கிய ஒத்தாப்பு. அவருடைய மகனும் மருமகளும் அதில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு வந்தார்கள்.

நிவாரணக் கணக்கெடுப்பில் ஒத்தாப்பைத் தனி வீடாகச் சேர்க்கவில்லை. "அது வீட்டோட சேர்ந்த இறக்கம்தானே" என்று சொல்லிவிட்டார்கள். கொட்டகையும் ஒத்தாப்பும் கூரை வீடும் செய்தியில் ஒன்றாகிவிட்டன. பணம் கொடுக்கும்போது மட்டும் வேறுவேறாகிவிட்டன, அதுவும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாதகமாக.

எங்கள் ஊரில் அந்த மாதிரி வீட்டில் இருப்பவர் யாரும் "என் குடிசை" என்று சொல்லிக் கேட்டதில்லை. "வீடு" என்பார்கள். மாடி வைத்த மெத்தை வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் "கூரை வீடு" என்பார்கள். குடிசை என்பது வெளியே நின்று பார்ப்பவர் சொல்வது என்றே எனக்குப் படுகிறது.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். வீடு கட்டுவோம். கொட்டகை போடுவோம். கூடாரம் அடிப்போம். ஒத்தாப்பு இறக்குவோம். எது நிற்கப் போவது, எது நாளைக்குப் பிரிக்கப் போவது என்பது அந்த வினையிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் என்ன சொல்வீர்கள்? எதைக் கொண்டு போடுவார்கள், யார் இருப்பார்கள், எத்தனை நாளைக்கு என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும். அகராதியைப் பார்த்து எழுத வேண்டாம்.

நொய்யல்

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டைச் சாளை என்போம். "தோட்டத்துச் சாளைக்குப் போயிருக்காங்க" என்றால் ஊருக்குள் அவர்களுக்கு வேறு வீடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பழைய சாளை பனையோலையோ புல்லோ வேய்ந்தது. கிணற்றுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. இப்போது தார்சு (காங்கிரீட் கூரை) போட்டு டைல்ஸ் ஒட்டினாலும் அது சாளைதான். ஆக எங்களுக்கு இந்தச் சொல் கூரையைக் குறிப்பதில்லை, இருக்கிற இடத்தைக் குறிப்பது.

மாடு கட்டும் இடத்துக்குக் கட்டுத்தரை. பண்ணையத்துக்கு வருகிற ஆட்கள் தங்கச் சாளைக்கு எதிரிலேயே சின்னதாக ஒன்று இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆளுக இருக்கற எடம்" என்பார்கள், அவ்வளவுதான். மாட்டுக்குக்கூட ஒரு சொல் இருந்திருக்கிறது. இந்த இழையைப் படித்ததிலிருந்து அதுதான் மனதை உறுத்துகிறது.

வடமராட்சி

யாழ்ப்பாணத்தில் எங்களிடம் கொட்டில். ஓலைக் கொட்டில், மண் கொட்டில், தறப்பாள் கொட்டில். கிடுகால், அதாவது முடைந்த தென்னோலையால் வேய்ந்தால் ஓலைக் கொட்டில். தறப்பாள் என்றால் நீங்கள் தார்ப்பாய் என்று சொல்வது. குடிசை என்ற சொல்லைப் பாடப்புத்தகத்திலும் உங்கள் படங்களிலும்தான் அதிகம் கேட்டேன். வீட்டில் கதைக்கும்போது யாரும் சொல்வதில்லை.

சென்னையில் சில காலம் இருந்தபோது ஒரு நண்பரிடம், "இடம்பெயர்ந்து போய் ஒரு கொட்டிலில் இருந்தோம்" என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மாடு கட்டுகிற இடத்திலா என்று கேட்டார். அவர் ஊரில் கொட்டில் மாட்டுக்கு உரியது. எங்களிடமும் மாட்டுக் கொட்டில், ஆட்டுக் கொட்டில் உண்டு, ஆனால் மனிதர் இருப்பதற்கும் அதே சொல்தான், அதில் ஓர் இழிவும் இல்லை. கலியாணம் செய்து காணியின் ஒரு மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்து, காசு சேர்த்துக் கல்வீடு கட்டுவது எத்தனையோ குடும்பங்களின் வழக்கம். கல்வீடு எழும்பிய பிறகு அந்தக் கொட்டில் குசினியாகும் (சமையலறை), அல்லது விறகு அடுக்க ஆகும்.

கடற்கரையில் வாடி. மீன்பிடிக் காலத்துக்கு வேறு கரையிலிருந்து வருகிறவர்கள் போடுவது. வலை, கருவாடு, மண்ணெண்ணெய், ஆட்கள் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும். காற்று மாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதை யாரும் வீடு என்று சொல்லமாட்டார்கள், அதில் இருக்கிறவர்களும் கூடத்தான்.

ஏடு

பழைய சொல் ஒன்றைச் சேர்த்து வைக்கிறேன். சங்கப் பாட்டில் இதற்குக் குரம்பை என்ற சொல் நிறைய வரும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் (வேட்டுவர்) குடியிருப்பு "ஈத்திலை வேய்ந்த எய்ப்புறக் குரம்பை". ஈச்ச இலையால் வேய்ந்து, முள்ளம்பன்றியின் முதுகுபோல் சிலிர்த்து நிற்கிற கூரை. அதே பாட்டில் மீனவர் குரம்பைக்குத் தருப்பை வேய்ந்திருக்கிறது, முன்றிலில் மீன் பிடிக்கும் பறி கிடக்கிறது. புறநானூற்றில் குறவர் இருப்பது "குறியிறைக் குரம்பை". இறை என்பது கூரையின் தாழ்ந்த விளிம்பு. உள்ளே போகிறவர் குனிந்துதான் போயாக வேண்டும்.

வெண்ணாற்றங்கரை கேட்ட கேள்வியைத்தான் அந்தப் புலவர்களும் கேட்டிருக்கிறார்கள்: எதனால் வேய்ந்தது, யாருடையது, வாசலில் என்ன கிடக்கிறது. நிலம் மாறினால் புல்லும் ஓலையும் மாறும் என்பதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

குரம்பை பேச்சில் இல்லை. குடில் மிச்சம் இருக்கிறது, ஆனால் அது சாமியார்களிடமும், கிறிஸ்துமஸ் குடிலிலும், மலைப்பக்கத்து விடுதிகளின் பெயர்ப்பலகையிலும் போய்த் தங்கிவிட்டது. ஓலைக்கூரைக்குக் கீழே படுத்துத் தூங்குகிற யாரும் தன் வீட்டைக் குடில் என்பதில்லை.

வடசென்னை

நல்ல இழை. ஆனால் "குடிசை என்பது வெளியாள் சொல்" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. சென்னையில் அது எங்கள் சொல். "எங்கம்மா இங்க வந்து குடிசை போட்டாங்க" என்று சொல்லித்தான் எங்கள் தெருவில் ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் ஆரம்பிக்கும். கூவத்தின் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் சவுக்குக் கழி நட்டு, கீற்று வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டது. விடிவதற்குள் அடுப்பு எரிந்துவிட வேண்டும். அடுப்பு எரிகிற இடத்தைப் பிரிக்கக் கொஞ்சமாவது யோசிப்பார்கள் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது, 1971இல் சட்டம் வந்தது. அப்போது சென்னையில் 1,202 பகுதிகளைக் குடிசைப் பகுதிகள் என்று அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. பட்டியலில் இருந்தால் தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, கழிப்பறை கேட்கலாம். எழுந்து போ என்று சும்மா சொல்லிவிட முடியாது. பட்டியலில் இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன். இரண்டு பேர் வீட்டுக் கூரையும் ஒரே கீற்றுதான், வித்தியாசம் அந்த ஒரு சொல்லில்தான்.

2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. குடிசை என்ற சொல்லை எடுத்ததை மரியாதை என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு, வேலைக்கு வர ரெண்டு பஸ் மாறுவது பெயர் மாற்றத்துக்குப் பிறகும் மாறவில்லை. சொற்களைச் சேகரிப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த ஒத்தாப்புப் பிள்ளைகள் விஷயம். ரேஷன் கார்டு தனியாக இருக்கிறதா? இருந்தால் வட்டாட்சியருக்கு மனு போடச் சொல்லுங்கள். "தனி அடுப்பு, தனிக் குடும்பம்" என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். வீட்டின் வடிவத்தைப் பற்றி வாதாடிப் பயனில்லை.

வெண்ணாற்றங்கரை

கார்டு தனிதான், போன வருடமே பிரித்துவிட்டார்கள். மனு எழுதிக் கொடுக்கிறேன், நன்றி.

குடிசை பற்றி நீங்கள் சொல்வது சென்னைக்குச் சரி. எங்கள் பக்கத்து நிலவரம் வேறு. இங்கே அந்தச் சொல்லைப் பண்ணையார் வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மனைக்கட்டு மிராசுதாருடையது, கூரை மட்டும் குடியிருப்பவருடையது என்று இருந்த காலம் ஒன்று உண்டு. கூலி உயர்த்திக் கேட்டால் "கூரையைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்று சொல்ல முடிந்த காலம். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஓடிப்போய் ஒளிந்துகொண்டதும், வெளியே தீ வைக்கப்பட்டு எரிந்து போனதும் அப்படி ஒரு கூரைக்குக் கீழேதான். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். இந்த மாவட்டத்தில் பிறந்தவனால் கீற்றையும் தீயையும் பிரித்து நினைக்க முடியாது.

தேயிலைச்சாரல்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் சொல் லயம். லயன் என்றும் சொல்வோம். ஒரே நீளக் கூரை, அதற்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள் (அறைகள்), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை). காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பத்துக்கு ஒன்று. இஸ்தோப்பைத் தட்டி வைத்து மறைத்தால் மூத்த மகனுக்கு அறை கிடைத்துவிடும்.

நீங்கள் எல்லோரும் தற்காலிகமானதைப் பற்றி எழுதுகிறீர்கள். லயமும் தற்காலிகமாக நினைத்துக் கட்டியதுதான், கோப்பி (காப்பி) பயிரிட்ட காலத்தில் வந்து போகிற கூலிகளுக்கு. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது, வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்தது, வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். லயம் மாறவே இல்லை. பாட்டி பிறந்த காம்பராவில் பேத்தி பிள்ளை பெற்ற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. நிரந்தரமான கல் சுவருக்குள் தற்காலிகமான வாழ்க்கை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அதில் ஓர் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும். வேலைக்குப் பேர் இருக்கிறவரைக்கும்தான் காம்பரா.

மழைக்காலத்தில் தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் அடுத்த காம்பராவில் பேசுவது கேட்காது. மழை விட்டால் எல்லாமே கேட்கும். சண்டை, இருமல், பிள்ளை அழுவது, யார் வீட்டில் இன்றைக்கு ரொட்டி தட்டுகிறார்கள் என்பது வரைக்கும். தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. கூரை ஒன்றுதானே, வரிசை முழுக்கப் போய்விடும்.

இந்தச் சொற்கள் எங்களிடம் ஒரு குடும்பமாக இருக்கின்றன. பெற்றோர் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் இடம் பிள்ளைக் காம்பரா. கொழுந்து நிறுக்கும் இடம் மடுவம். துரைக்கு மட்டும் பங்களா. இப்போது சில தோட்டங்களில் 7 பேர்ச் (இங்கத்தைய நில அளவு) காணியில் தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு எங்கள் ஆட்கள் சொல்கிற பெயரே "தனி வீடு"தான். பக்கத்துச் சுவர் தன்னுடையது மட்டும் என்பதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று லயத்தில் பிறந்தவர்களைக் கேளுங்கள்.

கடாரம்

மலேசியாவிலும் ரப்பர்த் தோட்டத்தில் லயம்தான். குழந்தைகளை விடும் இடத்துக்கு இங்கே ஆயக்கொட்டகை என்று பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபோது லயத்திலிருந்து வெளியேறியவர்களில் பலர் நகர ஓரத்துப் புறம்போக்கில் பலகை வீடு போட்டார்கள். லயம் போய்ப் பலகை வீடு, பலகை வீடு போய் அடுக்குமாடி. எங்கள் அப்பா தலைமுறை முழுக்க இந்த மூன்றையும் பார்த்தது.

வைகைப்பெண்

யாரும் சொல்லாத ஒன்று: குச்சு.

பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து கட்டுவது. சில ஊர்களில் இதைக் "குடிசை கட்டுறது" என்றே சொல்வார்கள். வாசலிலோ கொல்லையிலோ, ஒரு பிள்ளை காலை மடக்கி உட்காரும் அளவுக்கு இருக்கும். தனித் தட்டு, தனித் தம்ளர். சடங்கு முடிந்ததும் குச்சைக் கொளுத்திவிடுவார்கள். பாட்டுப் பாடி, சீர் வைத்துச் செய்வதால் இதில் ஓர் அழகு இருப்பதாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வயதுக்கு வந்த ஒரு சிறுமியை வீட்டிலிருந்து தள்ளி இப்படி ஒரு குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை சாய்ந்து விழுந்து அந்தப் பிள்ளை இறந்துபோனது. புயல் வரப்போவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு எனக்குக் குச்சு என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு பிசைகிறது.

மதுரை மாவட்டத்தில் கூவலாபுரம் போன்ற ஊர்களில் முட்டுத்துறை என்று மாதவிலக்கான பெண்கள் தங்கத் தனிக் கட்டடமே இருக்கிறது. முட்டு வீடு என்றும் சொல்வார்கள். குடும்பமே சேர்ந்து இருக்கப் போட்ட கூரைகளைப் பற்றித்தான் இதுவரை எல்லோரும் எழுதினீர்கள். குடும்பத்திலிருந்து ஒருத்தியை விலக்கி வைப்பதற்கென்றே போட்ட கூரைகளும் தமிழில் பெயரோடு இருக்கின்றன. பட்டியல் போட்டால் இவற்றை விட்டுவிடாதீர்கள். இதற்கு மேல் இந்த வழக்கத்துக்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டு யாரும் வர வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை

நீங்கள் சொன்ன கஜாவில் எங்கள் பக்கம் கூரை வீடுகள் கணக்கில்லாமல் போயின. அந்தச் சிறுமியின் செய்தி வந்த அன்றைக்கு ஊரில் பெண்கள் பேசிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. "உள்ள படுக்க வச்சிருந்தா என்ன தீட்டு ஒட்டிக்கிடப் போவுது" என்று என் பெரியம்மா கத்தினார். பட்டியலில் குச்சு கட்டாயம் வரும்.

இப்போது கீற்று முடைகிற ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. தென்னை மட்டையை இரண்டாகக் கிழித்து, குளத்தில் சில நாள் ஊறப்போட்டு எடுத்தால்தான் ஓலை முறியாமல் வளையும். முடைகிற பெண்களின் விரலைப் பார்த்தால் தெரியும், நுனியெல்லாம் கீறல். வேயும்போது தாழ்வாரத்திலிருந்து தொடங்கி முகட்டுக்கு ஏற வேண்டும். கீழ் வரிசையை மேல் வரிசை மூடினால்தான் தண்ணீர் உள்ளே இறங்காது. சாய்வு குறைந்தால் மழைநீர் தங்கி, ஒரே பருவத்தில் இற்றுவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பனையோலை என்றால் கூடக் கொஞ்சம் தாங்கும். கடலூர், விழுப்புரம் பக்கம் கரும்புத் தோகையும் போடுவார்கள்.

2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போன பிறகு, பள்ளிகளில் கீற்றே கூடாது என்று ஆனது. வேண்டியதுதான். வீடுகளுக்கும் 2010இல் கூரையை மாற்றிக் காங்கிரீட் போடும் திட்டம் வந்தது, 2024இல் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. கூரை வீடு போகட்டும், ஒரு துளியும் வருத்தமில்லை. என் கவலை, இடையில் இருக்கிற ஒத்தாப்புகளும் இறக்கங்களும் எந்தக் கணக்கிலும் வராமல் போவதுதான்.

கூடலூர்

நீலகிரியில் ஒத்தக்கல்மந்து என்பதுதான் உதகமண்டலம் ஆனது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தாற்போல் மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்வார்கள். வாசல் அவ்வளவு சிறியது, மண்டியிட்டுத்தான் நுழைய முடியும். மலைக்குளிருக்கு அது வேண்டியிருந்தது. இப்போது தோடர்கள் பெரும்பாலும் சாதாரணக் கட்டட வீடுகளில்தான் இருக்கிறார்கள், அந்த வடிவம் கோயில்களில் நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதைக் குடிசை என்று சொல்லிப் படம் எடுப்பார்கள். அது கோயில் என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியம். தயவுசெய்து கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள்.

காட்டோரத்தில் பரண் இன்னும் உண்டு. யானைக்கும் பன்றிக்கும் ராத்திரிக் காவல். விளைச்சல் நேரத்தில் வீட்டில் படுக்கிற நாளைவிடப் பரணில் படுக்கிற நாள்தான் அதிகமாக இருக்கும்.

பாலாறு

செங்கல் சூளைக்கு உங்கள் பக்கங்களில் என்ன சொல்வீர்கள்? நான் சொல்வது சூளையை அல்ல, அங்கே வேலை செய்கிற குடும்பங்கள் இருக்கிற இடத்தை. எங்கள் பக்கம் பொங்கல் கழிந்து வந்து, ஆடி மாதத்துக்கு முன்னால் திரும்புவார்கள். அவர்கள் அறுத்த கல்லையே சாந்து இல்லாமல் அடுக்கி, மேலே ஓலையோ தகரமோ போட்டு, காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன்மேல் நாலைந்து கல் வைத்திருப்பார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. சீசன் முடிந்தால் அந்தச் சுவரைப் பிரித்து, கல்லைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். முன்பணம் வாங்கி வந்த குடும்பங்கள், அதிலும் இருளர்கள் நிறைய. அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளியில் முகவரி எழுதும்போது நான் திணறிப் போகிறேன். சூளை என்று எழுதுகிறேன், வேறு என்ன எழுத?

நொய்யல்

எங்கள் பக்கத்தில் "சாலை" என்பார்கள், "சூளைச்சாலை" என்றும் கேட்டிருக்கிறேன். சாளையைத்தான் அப்படிச் சொல்கிறார்களா என்று அடுத்த முறை போகும்போது அங்கே இருப்பவர்களையே கேட்டு எழுதுகிறேன்.

வடசென்னை

பாலாறு, முகவரியில் சூளையின் பெயரோடு ஊராட்சியையும் எழுதுங்கள். குழந்தை நடுவில் ஊர் மாறினால் அடுத்த பள்ளியில் தேடுவதற்கு அது உதவும். இங்கே கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வருகிறவர்கள் இருப்பதை "ஷெட்டு" என்கிறோம். தகரத்தை நாலு பக்கமும் நிறுத்தி மேலேயும் தகரம், மே மாதத்தில் உள்ளே கை வைக்க முடியாது. அவர்கள் தங்கள் பேச்சில் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எங்கள் தெரு முனை சைட்டில் நாளைக்குக் கேட்கிறேன். தமிழ் கொஞ்சம் பேசுகிற பையன் ஒருவன் இருக்கிறான்.